கண்ணாடி முன் நின்ற மகள்

பட்டுக்கடையில் புடவையை என் மேல் போட்டுக் காட்டுவதுதான் என் வேலை. ஒருநாள் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, "உன் தொப்பையில டிசைனே தெரியல, ஒல்லியா வேற பொண்ணு இல்லியாமா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, மகள் பக்கத்தில் இருப்பதைக்கூட நினைக்காமல், கணவரிடம் சொல்லி அழுதேன். மறுநாள் விடிகாலையிலேயே கோயில் மாடவீதியைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். சாப்பாட்டையும் பாதிக்குப் பாதி குறைத்தேன்.

என் ஏழு வயது மகள் ஏற்கெனவே இட்லியில் மிளகைப் பொறுக்கிப் போடுகிறவள். இப்போது இட்லியையே ஒதுக்கினாள். பிடிவாதம் என்று நினைத்தேன். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாயில் திணித்தேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டுத் திரும்பியபோது, என் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு, வயிற்றை எக்கிப் பிடித்தபடி கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"சாப்ட்டா தொப்பை வந்துடும்மா. அப்புறம் வேற பொண்ணக் கூப்புடுவாங்க. நீயும் அதுக்குத்தான சாப்புடாம ஓடிக்கினு இருக்குற?"

உடனே நான்கு இட்லி வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றிலிருந்து தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஒரு வருஷம் ஆகிறது. இன்றும் அவள் முதல் வாய் வைப்பதற்கு முன், ஒரு முறை என் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறாள்.