நாலாவது ஆளாக வந்த கல்

அம்மா வீட்டு சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் இருக்கும். பார்ப்பவர்கள் காசியிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள். அது அப்பாவின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து வந்தது.

கள்ளிக்குப்பத்து வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அப்பா, அம்மா, நான். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பாவுக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். கிடைத்துவிட்டால் ஒரு வாரம் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். அந்த முறை ஊட்டிக்கு அவள் எடுத்துவைத்ததைப் பார்த்தவர்கள் வீடு காலி செய்கிறோம் என்றே நினைத்திருப்பார்கள். புளியோதரை, பருப்புப்பொடி, துணி காயப்போடக் கயிறு, எதிர்வீட்டில் இரவல் வாங்கிய ஸ்வெட்டர்கள், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துண்டில் சுற்றிய ஒரு கருங்கல். மூன்று பேராகக் கிளம்பினால் ஒருவருக்கு ஆகாது என்பது அவள் பயம். கல்லையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் நான்கு பேர் ஆகிவிடுமாம்.

பெட்டியைத் தூக்கிப் பார்த்த அப்பா, “இன்னாமே, உள்ள கல்லா வெச்சிகீறே?” என்றார்.

“ஆமா. நீங்க சிரிங்க. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே அழணும்.”

காஸை மூடினோமா என்று மறுபடியும் பார்க்க அம்மா உள்ளே போனாள். அந்த நேரத்தில் அப்பா பெட்டியைத் திறந்து, துண்டை அவிழ்த்து, கல்லை முருங்கை மரத்தடியில் வீசினார். நான் பார்ப்பதைக் கண்டதும், “மூச்சு வுடாதே பாப்பா” என்று கண்ணடித்தார். அம்மாவிடம் சொன்னால் பயணமே நின்றுபோகும். சொல்லாவிட்டால் மூவரில் ஒருவர் திரும்பி வரமாட்டார். கல்லைத் தூக்கிப் போட்டவர் அப்பா என்பதால், அந்த ஒருவர் அவர்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஊட்டியில் நான் பூவையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் அவர் எழுந்து நின்றபோது சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பேருந்து வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அவர் கையை இறுக்கிக்கொண்டேன். கடைசி நாள், ஓர் ஓடைக்கு இறங்கும் சரிவில் பாசி வழுக்கி, அப்பா கிடுகிடுவென்று சரிந்துபோய் ஒரு வேரைப் பிடித்து நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இதோ, நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் மேலே ஏறி வந்தார்.

வீடு திரும்பியதும் துணி ஊறவைக்கப் போன அம்மா, அப்பாவின் பேன்ட் பாக்கெட்டை உதறினாள். கூழாங்கல் விழுந்தது. அவள் பெட்டிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். துண்டு மட்டும் இருந்தது. அப்பா செய்தித்தாளை விட்டு முகத்தை எடுக்காமல், “ஓடையாண்ட கெடந்திச்சு. அழகா கீதேன்னு எடுத்தாந்தேன்” என்றார். அம்மா அதைக் கழுவிச் சாமி அலமாரியில் வைத்தாள். அதன்பின் எங்கே கிளம்பினாலும், “கல்லு வெச்சியா?” என்று முதலில் கேட்டவர் அப்பாதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸில் அவரைப் படுக்கவைத்து அம்மாவும் நானும் ஏறினோம். தொழிற்பேட்டைப் பக்கத்து நெரிசலில் வண்டி நின்றபோது அம்மா என் கையைப் பிடித்து, “கல்லு” என்றாள். ஓட்டுநரும் ஓர் ஆள்தானே என்று சொல்லியிருக்கலாம். அன்று இரண்டு பேராகத் திரும்பினோம்.

இப்போது மேனாம்பேட்டில் நான், கணவர், மகள். மூன்று பேர். நாளை மூணாறு கிளம்புகிறோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் உண்டு. அதனால்தான் நேற்று அம்மாவையும் கூட வரச்சொல்லிக் கேட்கப் போனேன். “முட்டி தாங்காது” என்றாள். பிறகு அலமாரியிலிருந்து அந்தக் கூழாங்கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“அப்பாவ இட்டுகினு போ.”

மகளின் ஸ்வெட்டரில் சுற்றி அடியில் வைத்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்த கணவர், கனக்கிறது, எதையாவது எடுத்துவிடலாமே என்றார். பெட்டியைப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன்.