தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டியவர்

ஈஸ்வரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் வாணி என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். மறுநாள் லண்டன் தோர்ண்டன் ஹீத் கடைக் கண்ணாடிகளில் மரண நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "சாந்தமே உருவானவர், எவர் மனதையும் நோகடிக்காதவர்." அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், இது பொய். அக்கா நோகடித்தார். யாருக்கு நோகவேண்டுமோ அவர்களைத் தேடிப்போய் நோகடித்தார்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஒரே வீட்டில் குடியிருந்தோம். பழைய வீடு, செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை. வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். பலசரக்குக் கடை வைத்திருந்தார், கோயில் கமிட்டியிலும் இருந்தார். சலவைக்கடையில் வேலை செய்த அக்காவும் சிறுமி வாணியும் மேல்மாடி அறையில் இருந்தார்கள். அதற்கும் மேலே, பெட்டி சட்டி போட்டுவைக்கிற கூரைக்குள், நானும் என் சிநேகிதன் ரவியும். எங்கள் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. காலையில் அக்கா வீடு கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டுவார்.

"மேல்வீட்டுக்காரர், உயிரோட இருக்கிறியளோ?"

"பாதி உயிர் இருக்கு அக்கா," என்பான் ரவி. "மிச்சத்துக்குத் தேத்தண்ணி வேணும்."

ஒரு மாரிக் குளிரில், கூரைக்குள் குளிர்தாங்கிப் பஞ்சு போட வீட்டுக்காரருக்குக் கவுன்சில் உதவி கிடைத்தது. கூரைக்குள் ஆள் வைத்திருப்பது கவுன்சிலுக்குத் தெரியாமலிருக்க, ஆட்கள் வருமுன் எங்களையும் எங்கள் மெத்தைகளையும் கீழே இறக்கினார். "மேல ஆக்கள் இருக்கினம் எண்டு மூச்சு விடக்கூடாது." வந்தவர்கள் ஆளில்லாத கூரைக்குச் செய்வதைச் செய்தார்கள்: தரைச் சட்டங்களுக்கு நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் தடிப்பாக விரித்துவிட்டுப் போனார்கள். அதன்மேல் பலகை போட்டு நாங்கள் திரும்ப ஏறினோம்.

அக்காவின் அறை சூடானது. குளிரில் வாணிக்கு வருகிற மூச்சிழுப்பு அடங்கியது. எங்கள் போத்தல் தண்ணீர் உறைந்தது. கீழறையிலிருந்து கசிந்து வந்த சூடுதான் எங்களுக்கிருந்த ஒரே சூடு என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

காலையில் அக்கா தட்டினார். பதில் சொன்னோம். எங்கள் குரலையும் பஞ்சு விழுங்கிவிட்டது. மறுபடி தட்டினார். பிறகு ஏணியில் ஏறி, கூரைக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். எங்கள் வாயில் புகை பறந்தது. அக்கா போத்தலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ர பிள்ளை நித்திரை கொண்டது உங்கட சூட்டிலயோ?"

சொன்னதும் பலகையைக் கிளப்பத் தொடங்கினார். "வேண்டாம் அக்கா, துரத்திப்போடுவார். எங்களுக்கு வேற விலாசம் இல்லை," என்று நான் கெஞ்சினேன்.

"துரத்தட்டும். துரத்திறவரைச் சனம் பாக்கட்டும். பிடி இந்தப் பக்கத்தை."

கையெல்லாம் அரிக்க அரிக்கப் பஞ்சை உருவினோம். ஓட்டோடு ஒட்டாமல் காற்றுக்கு இடம் விட்டுச் சரிவுச் சட்டங்களுக்கு இடையில் செருகினோம். அது விழாமல் இருக்கத் தன் நைலோன் சேலைகளை இழுத்துக் கட்டி ஆணியடித்தார் அக்கா. சரிவு தரையைவிடப் பெரிது. ஒரு பக்கத்தோடு பஞ்சு முடிந்தது. அக்காவின் அறை பழையபடி குளிர்ந்தது. வாணிக்கு இழுப்பு திரும்பியது.

வீட்டுக்காரர் வந்து பார்த்துக் கத்தினார். "பிள்ளை, இது என்ர வீடு."

"வீடு உங்கட அண்ணை. குளிர் எங்கட."

மாதக் கடைசியில் எல்லாரும் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்றார். அந்தச் சனிக்கிழமை, அவருடைய கடை நிரம்பிய நேரம், அக்கா வாணியையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"அண்ணை, அரைக் கிலோ பருப்பு. கூரைக்குள்ள படுக்கிற பெடியளுக்கு மிச்சப் பஞ்சு எப்ப வரும்?"

வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அடுத்த கிழமையே பஞ்சு வந்தது. வெளிக்கிடு என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த நோட்டீஸை எழுதியவன் ரவி. செத்தவீட்டில் எல்லாரையும்விடக் கூடுதலாக அழுததும் அவன்தான். இப்போது ஈஸ்ட் ஹாமில் கடையும் வீடும் வைத்திருக்கிறான். அன்று பின்னேரம் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நல்ல சூடான வீடு. மேல்மாடியில் அண்ணாந்து பார்த்து, "மேல ஆர்?" என்றேன்.

"ஆரும் இல்லை. சாமான்தான்."

மூலையில் நின்ற தும்புத்தடியை எடுத்துச் சீலிங்கைத் தட்டினேன். பிறகு மேலேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

ரவி நிலத்தைப் பார்த்தான். "அவங்களாத்தான் வந்து இடம் கேட்டவங்கள், மச்சான்."

"நாங்களும் கேட்டுத்தான்ரா போனது."

அக்காவை நினைத்து விளக்குக் கொளுத்துகிறவர்கள் கொளுத்துங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தட்டலை. உங்கள் வீட்டுக்கு வந்தாலும் தட்டுவேன். ரவிக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: அவன் கடையிலும் சனிக்கிழமைதான் சனம் கூடும். வரிசையில் நிற்பேன்.