தங்கை தெருவின் தார்

எனக்கு என் தங்கைமேல் பொறாமை. அவள் நகைமேல் இல்லை, அவள் வீட்டுக்காரர் சம்பளத்தின்மேலும் இல்லை. அவள் வாசலில் போட்ட தார் ரோட்டின்மேல். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் தெருவில் ரோடு இருக்கும்.

ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, ரிடையர் ஆனதும் கொரட்டூர் பக்கம் அடுத்தடுத்த தெருவில் இரண்டு மனை வாங்கி எனக்கொன்று, அவளுக்கொன்று என்று கொடுத்தார். என் மொட்டை மாடியில் நின்றால் அவள் வீட்டுக் கொடியில் காயும் துணி தெரியும். ஆனால் வார்டு வேறு. எல்லை எங்கள் இரண்டு வீட்டுப் பின்சுவருக்கு நடுவில் போகிறது. பாதாளச் சாக்கடைக்காக இரண்டு தெருவையும் ஒன்றாகத்தான் தோண்டினார்கள். மழைக்காலம் முடிந்ததுமே அவள் தெருவுக்கு ரோடு வந்துவிட்டது. எங்களுக்குப் பழைய ரோடு பாதி, பள்ளம் பாதி.

முதலில் அங்கே ஒரு மெஷின் வந்து பழைய ரோட்டைச் சுரண்டியது. சுரண்டியதை லாரியில் வாரிக்கொண்டு போனார்கள். மாடியிலிருந்து பார்த்த எனக்கு ஒரே குஷி. "இருந்ததையும் புடுங்கிகினு பூட்டானுங்க பாரு," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் தார் வாசனை வந்தது. என் குஷி அத்தோடு சரி. மார்கழியில் அந்தக் கறுப்பு ரோட்டில் அவள் கோலம் என்னமாய் எடுத்துக் காட்டியது! தினமும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டாள். நான் கோலமாவை எங்கே கொட்டுவது, குட்டையிலா?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மாவை வைத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பா போன பிறகு அம்மா எங்கள் இருவர் வீட்டிலும் மாதம் மாற்றி மாதம் இருப்பாள். முட்டி வலிக்காரி, எங்கே போனாலும் ஆட்டோதான். அந்தத் தை மாதம் என் முறை. ஆட்டோக்காரர் எங்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வண்டி வராதுக்கா. குலுக்கற குலுக்கல்ல அம்மாவுக்கு இடுப்பு பூடும்." அம்மா எட்டிப் பார்த்தாள். "ரோடு போடட்டும்டி, வரேன். அதுவரிக்கும் சின்னவ ஊட்லயே கீறேன்," என்றாள். திரும்பக் கொண்டுபோய் விட்டேன். "உன் தெருவுல ஆட்டோ வராதுன்னு நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்று தங்கை வாசலில் நின்று சிரித்தாள்.

அன்றிலிருந்து வார்டு ஆபீஸே கதி. என் தலையைக் கண்டாலே கவுன்சிலர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். விடுவேனா? அடுத்த மார்கழி முடியும் நேரத்தில் எங்கள் தெருவுக்கும் ஆள் வந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர், "பழைய ரோட்ட சுரண்டிட்டுத்தான் போடணும்மா. மெஷின் முகப்பேர்ல ஓடிகினு கீது. பொங்கல் தாண்டித்தான் வரும்," என்றார்.

பொங்கல் தாண்டியா? இந்த வருஷமும் அம்மா அந்த வீட்டுப் பானைமுன் உட்கார்ந்திருப்பதை நான் மாடியிலிருந்து பார்க்கவா? தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் அவரைச் சூழ்ந்துகொண்டேன்.

"சுரண்டறதெல்லாம் வேணாம். அப்டியே மேல போடுங்க. பக்கத்துத் தெருவ விட எங்குளுது ஒசரமா நிக்கட்டும்."

"ஊடு பள்ளமா பூடும்மா. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"எங்க ஊடு, நாங்க பாத்துக்கறோம். நீ போடு நைனா."

பள்ளத்தையெல்லாம் ஜல்லி கொட்டி மேடாக்கி, அதன்மேல் தாரைப் போட்டார். அவருக்கும் வேலை மிச்சம். ரோலர் ஓடி முடித்ததும் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். தங்கை ஒரு கட்டைவிரலைக்கூடக் காட்டவில்லை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் எங்கள் கேட் தாரில் முட்டி, பாதியில் நின்றது. பாதி போதும் என்றேன். முன்பு தெருவிலிருந்து ஒரு படி ஏறி உள்ளே வருவோம். அந்தப் படி தாருக்கு அடியில் போய்விட்டது. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். அதனால் என்ன, இறங்கினால் போச்சு.

பொங்கலுக்கு முதல் நாள் நானே போய் அம்மாவை அழைத்து வந்தேன். அதே ஆட்டோக்காரர். "ரோடு சோக்கா கீதுக்கா," என்றார். அது தங்கை காதில் விழவில்லையே என்றிருந்தது. வண்டி என் கேட்டை ஒட்டி வந்து நின்றது. அம்மா இறங்கி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே இறக்கினாள். "அய்யோ அம்மா!" என்று அலறிக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏறச் சொன்னா எப்டியாச்சும் ஏறிடுவேன்டி. எறங்க முட்டி ஒத்துக்கல. இன்னாடி உன் ஊடு, கெணறு மாரி கீது?"

நான் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தோம். பாதி திறந்த கேட்டில் மூன்று பேர் நுழைய முடியவில்லை. அம்மா கையை உதறிக்கொண்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னவ ஊட்டாண்டயே வுட்டுடு நைனா," என்றாள்.

ஆட்டோ திரும்பியது. நான் சண்டை போட்டு வாங்கிய ரோட்டில் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போனது. அம்மா ஆட்டோ கம்பியைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை.