இரண்டு மகன்களா, ஒரு மகனா?

மொக்லேசுர் ரஹ்மான் ஒரு காற்புள்ளிக்காக மூன்று பேரைத் திட்டுவார். பாரிசால் நகரில், எங்கள் பத்திரிகையின் ஆசிரியரான அவரிடம் திட்டு வாங்காத நிருபர் நிருபரே இல்லை. இருபது வருடமாக அவருக்குக் கீழே பக்கங்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் நான் வாங்கியதற்கு அளவே கிடையாது. நிருபராக நுழைந்து ஆசிரியர் நாற்காலிவரை வந்த மனிதருக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் நாற்பது வருடமாகத் தலைவலி.

அவர் சேர்ந்த இரண்டாம் வருடம், வைசாக மாதப் புயலில், போலாத் தீவிலிருந்து வந்த லாஞ்ச் படகு ஒன்று தேந்துலியா ஆற்றில் மூழ்கியது. லாஞ்சில் பயணிகள் பட்டியல் என்று என்றைக்கு இருந்தது? படகுத்துறையில் அழுதுகொண்டு நிற்பவர்களிடம் கேட்டுத்தான் பெயர்களை எழுத வேண்டும். கொபாத் என்ற மளிகைக்கடைக்காரர் தம்பி தோரப்பைத் தேடி நின்றார். "பேர் என்ன?" என்று இவர் கேட்க, பதற்றத்தில் அவர் தன் பெயரையே சொல்லிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் இறந்தவர் பட்டியலில் கொபாத் இருந்தார், தோரப் இல்லை.

இவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது கொபாத்தே வந்து நின்றார்.

"பாய், நான் உசுரோட இருக்கேன்னு போடுங்க. தம்பி பேரை மட்டும் போட்டுடாதீங்க."

"ஏன்யா? அவன் லாஞ்ச்ல ஏறினானா இல்லையா?"

"அதுல வர்றேன்னு சொல்லி விட்டிருந்தான். ஏறினதைப் பாத்தவங்க யாருமில்ல. பேப்பர்ல பேர் இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதான் அம்மா ஒரு வாய் சோறு தின்னுச்சு."

இவரும் போடவில்லை. செய்தது சரியா, தப்பா என்று என்னிடமே நூறு தடவை கேட்டிருப்பார். ஒரு நாள் சரி என்பேன், மறுநாள் தப்பு என்பேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்தத் தாய் இறந்துபோனார். கொபாத் இரங்கல் செய்தி கொண்டு வந்தார். எங்கள் பத்திரிகைகளில் அது, இத்தனை மகன்களையும் இத்தனை மகள்களையும் எண்ணற்ற நலம்விரும்பிகளையும் விட்டுச் சென்றார் என்றுதான் முடிய வேண்டும். மகன் என்ற இடத்தைக் கொபாத் காலியாக விட்டிருந்தார்.

"எத்தனைன்னு எழுத?"

"நீங்க ஆரம்பிச்ச சிக்கல் பாய். நீங்களே எழுதுங்க."

ஆசிரியர் பேனாவை மூடினார், திறந்தார். எனக்கோ எரிச்சல்.

"ஒண்ணுன்னு போடுங்க பாய், பக்கம் காத்துக்கிட்டு இருக்கு. செத்தவன் செத்தவன்தானே?"

"செத்தான்னு நாம எப்பய்யா போட்டோம்?" என்று என்மேல் பாய்ந்தார்.

'இரண்டு' என்று எழுதினார். அடித்தார். மறுபடியும் எழுதினார். அப்படியே அச்சுக்குப் போனது.

மறுநாள் கொபாத்திடமிருந்து போன் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எனக்கும் கேட்கட்டும் என ஆசிரியர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாய், தோரப் செத்துட்டான்னு நேத்துவரைக்கும் எனக்குத் தெளிவாத் தெரியும். அம்மாவுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். காலையில பேப்பரைப் படிச்சேன். ரெண்டு மகன்னு இருக்கு."

ஆசிரியர் வாயைத் திறக்குமுன் கொபாத்தே கேட்டார்.

"போலா லாஞ்ச் இப்பல்லாம் எத்தனை மணிக்கு வருது பாய்?"