கண்ணாடிக்காரரின் நெஞ்சுக்கு ஒரு மூடி

பயந்தாங்கொள்ளியா? சோம்பேறியா? யார், கண்ணாடிக்காரரா? மேல்வீட்டுத் தையல்காரி அப்படித்தான் படிக்கட்டில் நின்று பேசுகிறாள். விரலில் ஊசி பட்டாலே தெருவைக் கூட்டுகிற வாய் அது. ஆள் உயரக் கண்ணாடியை முதுகில் சாய்த்துக்கொண்டு நாலு மாடி ஏறின மனிதரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? "நெஞ்சுக்குள்ள மூடி வெக்கப் போறாராமே! அண்ணனுக்கு உடம்பு வணங்கலை, அதுக்கு ஒரு சாக்கு" என்கிறாள். வணங்காத உடம்பைக் கண்டாளாம் இவள்.

நடந்தது வேறு. அவருடைய இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. அப்படித் துடித்தால் அதன் இடப்பக்கத்துச் சின்னப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிவிடுமாம். கட்டி மூளைக்கு ஏறினால் கை கால் விழுந்துவிடுமாம். அதற்காக ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வேளை மாத்திரை, ஆயுள் முழுக்க. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. ஆனால் கண்ணாடி வெட்டுகிறவர் விரலில் கீறல் விழாத நாள் உண்டா? காலையில் கீறினால் மதியச் சாப்பாடு வரைக்கும் ஒழுகும். கட்டைவிரலில் துணியைச் சுற்றி, கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே கடையில் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கையாட்டுவார்கள். வந்ததற்கு இருக்கட்டும் என்று அவரும் குசலம் விசாரித்து அனுப்புவார்.

வீட்டில் மனைவி மேசை முனை, கட்டில் முனை, கதவு முனை எல்லாவற்றுக்கும் பஞ்சு கட்டிவிட்டாள். சவரக்கத்தியை ஒளித்துவிட்டாள். தாடி நெஞ்சைத் தொட்டது. அப்படியும் போன மாதம் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாத்திரை தின்றாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. அப்போதுதான் டாக்டரம்மா, அந்தப் பையின் வாயையே மூடிவிடலாம் என்றாள்.

"நெஞ்சைக் கிழிக்க மாட்டோம் ஐயா. தொடையில இருக்கற ரத்தக் குழாய் வழியாவே கொண்டுபோய்ப் பொருத்திடுவோம்."

பொருத்துகிற வேலை என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முறை அளவுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

"வாசல் எத்தனை மில்லி டாக்டரம்மா?"

"இருபத்தொண்ணு."

"அப்ப மூடி பத்தொன்பது."

"இல்லீங்க ஐயா, இருபத்தேழு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சட்டத்தைவிட ரெண்டு மில்லி கம்மியா வெட்டணும்மா! பெருசா வெட்டினா வெயில்ல விரிஞ்சு வெடிக்கும். இதுகூடத் தெரியாம எப்படித் தொழில் பண்றீங்க?"

"உள்ள வெயில் அடிக்காதுங்க ஐயா."

"காய்ச்சல் வந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

வேண்டாம் என்று வந்துவிட்டார். ஒரு வாரம் அதே பேச்சு. மனைவி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள்; அவர் அசையவில்லை. கடைசியில், "உனக்குக் கண்ணால காட்டினாத்தான் புத்தி வரும்" என்று குளியலறை ஜன்னலுக்கு வேண்டுமென்றே ஒரு மில்லி பெரிதாக வெட்டி, அமுக்கினார். படீரென்று வெடித்தது. "பாத்தியா?" என்று வெற்றியோடு திரும்பினார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ரத்தம்.

கையைத் தூக்கியபடி உட்கார்ந்தவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏங்க, கண்ணாடி ஆடாம இருக்க ஓரத்துல ரப்பர் பட்டி வெச்சு அமுக்குவீங்களே, அது பள்ளத்தைவிடச் சின்னதா, பெருசா?"

"பெருசு. அமுங்கி உக்காந்தாத்தான் பிடிக்கும். சின்னதா வெச்சா கழண்டு விழுந்துடும், அது உனக்கு..." வாய் பாதியில் நின்றுவிட்டது.

"அந்த அம்மா கண்ணாடின்னா சொன்னாங்க?"

"ரப்பர்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார், டாக்டரம்மா மேல்தான் தப்பு என்பது போல.

பொருத்தியாகிவிட்டது. இன்னும் சில வாரம் மாத்திரை உண்டு, மூடி நன்றாக ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துப் பார்த்த பிறகு நிறுத்தலாம் என்றாள் டாக்டரம்மா. "நல்லா அமுங்கி உக்காந்திருக்கா?" என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பிய நாள், ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூட்டம். கண்ணாடிக்காரர் நின்றார். பையைத் துழாவி ஒரு வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்து, சட்டையின் இடப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தார். புதிதாக மாட்டின கண்ணாடியில் யாரும் தெரியாமல் மோதிவிடக் கூடாது என்று போடுவார்களே, அந்தப் பெருக்கல் குறி.

"ஐயோ, நாலு பேர் பாக்கறாங்க. அழிங்க அதை" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். அவருடைய இடக்கையைப் பிடித்திருந்தவள், இரண்டடி போனதும் தன் முந்தானை அந்தக் கோட்டில் உரசுவதைப் பார்த்தாள். கையை விட்டுவிட்டு, பின்னால் சுற்றி, அவருக்கு வலப்பக்கமாக வந்து நடந்தாள்.