பாரீஸ் கோட்டு

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக் கப்பலேறிய வருஷம் மச்சான் பாரீஸிலிருந்து கொண்டுவந்த கோட்டை, குமாஸ்தா காசிலிங்கம் கட்டிய மனைவியைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் நிழலில் காற்றாட விடுவார், பிரஷ் போடுவார், அந்துருண்டை மாற்றுவார், மறுபடி பெட்டியில் பூட்டுவார். போட்டுக்கொண்டால் அழுக்காகிவிடுமே! ஆபீசுக்குத் தையல்காரர் ஜானகிராமன் கடையில் தைத்த கால்சட்டைதான். "உள்ளூர்த் தையல்தானே" என்று உதட்டைப் பிதுக்கியபடியே அதை ஏழு வருஷம் போட்டுத் தேய்த்தார்.

மகள் சாந்தியின் கல்யாண வரவேற்புக்குக் கோட்டு வெளியே வந்தது. பூச்சி அரிக்கவில்லை, சாயம் போகவில்லை. பொத்தான்தான் தொப்பையைத் தாண்ட மாட்டேன் என்றது. ஜானகிராமனிடம் ஓடினார்.

"கொஞ்சம் பிரிச்சு விடுப்பா."

ஜானகிராமன் தையலைப் புரட்டிப் பார்த்தார். "பிரிச்சு விட உள்ள துணியே இல்லீங்க. நாங்க எப்பவும் ரெண்டு விரக்கட துணிய உள்ள மடிச்சுத் தைப்போம். உங்க கால்சட்டைய மூணு தடவ பிரிச்சு விட்டிருக்கேனே."

"பாரீஸ்காரன் ஏன் விடல?"

"அவன் உங்க வயித்த எங்கீங்க பாத்தான்?"

வரவேற்பில் காசிலிங்கம் கோட்டில்லாமல், சட்டையும் ஜானகிராமன் தைத்த கால்சட்டையுமாக நின்றார். முன்வரிசை நாற்காலியில் பாரீஸ் கோட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஜானகிராமனுக்குத்தான் உட்கார இடமில்லை.