திருநீறு பூசிய இரண்டு கற்கள்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் என் கணவர் வேற்றுக்கிரகவாசிகளிடம் போய்விடுவார். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில், கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, யூடியூபில் எவனாவது ஒருவன் பிரமிட்டைக் கட்டியது யார், கடலுக்கடியில் கிடப்பது என்ன என்று கத்துவதை வாய் பிளந்து பார்ப்பார். வேலை நாட்களில் மென்பொருளில் பிழை பிடிப்பதுதான் அவர் தொழில். ஆதாரம் இல்லாமல் ஒரு வரியை நம்பமாட்டார். சனிக்கிழமை வந்தால் போதும், எதைச் சொன்னாலும் நம்புவார்.

அன்றைக்கு இன்காக்களின் சுவர் ஓடிக்கொண்டிருந்தது.

“இஞ்சாரும், ஒருக்கா வந்து பாரும். இது மனிசரால ஏலுமான வேலையே? ஆரோ வெளியில இருந்து வந்துதான் செய்து குடுத்திருக்கினம்.”

நான் கையில் ஈரத் துணியோடு வந்தேன். திட்டத்தான் வந்தேன். ஆனால் திரையில் ஒரு மூட்டு தெரிந்தது, கல்லும் கல்லும் சந்திக்கும் இடம். திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

பெரு நாட்டு மலைமேல் ஆளுயரத்தையும் தாண்டிய கற்கள். ஒன்றாவது சதுரமில்லை. ஒன்றுக்கு ஐந்து மூலை, பக்கத்துக் கல்லுக்கு எட்டு. கீழே ஊருக்குள் தெருவோரத்துச் சுவர் ஒன்றில் பன்னிரண்டு மூலையுள்ள கல்லே இருக்கிறது. சாந்து இல்லை, இரும்பு உளி இல்லை, பாரம் இழுக்கச் சக்கர வண்டி இல்லை. அப்படியிருந்தும் இரண்டு கல்லுக்கு நடுவே கத்தி நுனி நுழையாது. பூமி குலுங்கியபோது பிறகு வந்து நாட்டைப் பிடித்தவர்கள் கட்டியவை இடிந்து விழுந்தன, இந்தச் சுவர்கள் நின்றன.

“அதிலை நிப்பாட்டுங்கோ,” என்றேன். அவர் நிறுத்தினார். நான் திரைக்கு மூக்கு முட்டுமளவு கிட்டப் போனேன். கல்லின் நடுவில் அம்மை வடுப்போலப் பெரிய குழிகள். விளிம்பை நெருங்க நெருங்கக் குழிகள் சிறுத்து, மூட்டில் மறைந்தே போயின. யாரோ அடித்திருக்கிறார்கள். நடுவில் பலமாக, ஓரத்தில் மெதுவாக. அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம். ஓரத்தில் கை தவறினால் முழு வேலையும் போச்சு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வெஸ்ட்மீட்டில் ஒரு பல் லாப்பில் இருபத்திரண்டு வருடமாகக் கிரவுன் செய்கிறேன், உடைந்த பல்லின் மேல் தொப்பிபோலப் போடுகிறார்களே, அது. மெஷின் முக்கால்வாசி வெட்டித் தரும். மிச்சக் கால்வாசிதான் வேலை. பல்லின் அச்சுக்கு மேல் கிரவுனை வைத்து, நடுவில் நீலத்தாள் செருகிக் கடிக்க வைப்பேன். எங்கே முட்டுகிறதோ அங்கே நீலப் பொட்டு விழும். அந்தப் பொட்டை மட்டும் உராய்வேன். திரும்ப வைப்பேன், திரும்ப எடுப்பேன், திரும்ப உராய்வேன். ஒரு தலைமயிர் உயரம் கூடினாலும் நாக்குக் கண்டுபிடித்துவிடும். வேலை சரியாக வந்தால் பல் டொக்டருக்குச் சொக்கலேட் வரும். எங்கேயாவது குத்தினால் எங்கள் லாப்புக்குப் போன் வரும். இத்தனை வருடத்தில் என் பெயர் ஒரு பல்லிலும் இல்லை.

“விசர்க்கதை கதையாதேங்கோ,” என்றேன். “வெளியில இருந்து ஒருத்தரும் வரேல்லை. வைச்சு, எடுத்து, முட்டுற இடத்தை அடிச்சு, திரும்ப வைச்சிருக்கினம். எங்கட லாப்பில நான் செய்யிற வேலைதான்.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “உம்மட பல் செட்டும் இதுவும் ஒண்டே?”

பல் செட்! ஸ்ட்ராத்ஃபீல்டில் யாருடைய கல்யாண வீட்டிலும் இவர் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். “இவ பல் செட் செய்யிற இடத்தில வேலை.” கிரவுன் வேறு, செட் வேறு என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஊர் உலகம் மெச்ச வேண்டாம். இந்த ஒரு மனிதர், ஒரே ஒரு தரம், நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்து பேசினால் போதும் என்று இருபத்திரண்டு வருடமாக உள்ளுக்குள் ஒரு ஆசை. வெட்கமாக இருக்கிறது சொல்ல. ஆனால் இருந்தது.

மறுநாளே தொடங்கினேன். பின்வளவில், தோட்ட வேலையில் மிஞ்சிய மணற்கற்கள் மஞ்சளாகக் கிடந்தன. சிட்னியில் எங்கே தோண்டினாலும் வருகிற கல். ரொட்டிப் பெட்டியளவில் இரண்டை எடுத்தேன். அடிக்க, குசினியில் மிளகு இடிக்கிற கருங்கல் குழவி. நீலத்தாளுக்குப் பதிலாக மேல் கல்லின் அடியில் அரிசிமாவைத் தடவி, கீழ்க் கல்லில் வைத்து எடுத்தேன். மா ஒட்டிய இடம் முட்டுகிற இடம். அடி. திரும்ப வை. இரண்டாம் நாள் பார்த்தால் கல் முழுக்க எறும்பு.

எறும்பு வராத வெள்ளைத் தூள் ஒன்று வீட்டில் இருந்தது. சாமி அறைக்குப் போய்த் திருநீற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடவுள் கோபிக்கமாட்டார். கோபித்தது என் கணவர்தான். வேலைக்குப் போகும் அவசரத்தில் நெற்றிக்குத் திருநீறு தேடியவர் பின்கதவில் வந்து நின்றார்.

“குசினிக் குழவியும் போச்சு, திருநீறும் போச்சு. உமக்கு என்ன பிடிச்சிட்டுது?”

“இன்காக்காரன்,” என்றேன்.

வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும் மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் அதுதான் வேலை. முதல் கிழமை அகந்தையோடு அடித்தேன். இரண்டாம் கிழமை தோள் கழன்றது. ஓர் இடத்தைத் தாழ்த்தினால் இன்னோர் இடம் உயர்ந்து நிற்கும். நாற்பது தரம் தூக்கி வைத்த பிறகு எண்ணுவதை விட்டேன். ஒரு மூலை உடைந்தது; அன்றைக்கு அழுதேன். மூலை உடைந்ததற்கு ஏற்றபடி மற்றக் கல்லைத் திருத்தத் தொடங்கினபோதுதான், ஐயோ, அந்தப் பன்னிரண்டு மூலைகளில் எத்தனை இப்படி வந்தனவோ என்று தோன்றியது. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எழுதி வைக்கவில்லை அவர்கள்.

ஆறாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை கல்லை வைத்தபோது சத்தம் மாறியது. அதுவரை ‘டக்’ என்று விழுந்தது, அன்றைக்குச் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தேன். கீழ்க் கல் முழுக்க ஒரே சீராக வெள்ளை.

வென்றேன் என்று துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. என் மூட்டு இரண்டு உள்ளங்கை அகலம். என் கல்லை நானே தூக்கிவிடுவேன். அவர்களுடையதைத் தூக்க நூறு பேர் காணாது. அதை நாற்பது தரம் எப்படித் தூக்கி வைத்தார்கள்? தூக்கவே இல்லையென்றால், வைத்துப் பார்க்காமல் எப்படிப் பொருந்தியது? என்னுடைய வழியில் சின்னக் கற்கள் வரை போய்விட்டேன். பெரிய கற்களுக்கு முன்னால் எனக்கு வழி முடிந்துவிட்டது. வேற்றுக்கிரகத்தான் செய்தான் என்றால் அதில் என்ன அதிசயம், அவனிடம் மெஷின் இருந்திருக்கும். தோள் வலிக்கிற மனிசர் செய்தார்கள் என்பதுதான் என்னை அந்த வளவிலேயே உட்கார வைத்தது. எழும்ப மனம் வரவில்லை.

அதற்குப் பிந்திய கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் கொண்டுவந்த, தட்டைபோல் இறுகிய பருத்தித்துறை வடையைக் கடித்து என் கணவர் கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டார். அவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். அச்சு எடுத்து அனுப்புகிற பழைய பழக்கம் இன்னும் உள்ள இடம். எங்கள் லாப்புக்கு எத்தனையோ கிளினிக்குகளிலிருந்து வேலை வரும். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்த பெட்டியில் அவருடைய பெயர். திறந்தால், கீழ்வரிசையில் பக்கவாட்டில் திரும்பிய அந்த ஒற்றைப் பல். முப்பது வருடமாகக் காலையும் மாலையும் பார்க்கிற பல். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு பிடிவாதம்.

அந்தக் கிரவுனைப்போல் நான் எதையும் செய்ததில்லை. நீலப் பொட்டு ஒவ்வொன்றையும் மூச்சை அடக்கிக்கொண்டு உராய்ந்தேன்.

அதைப் பொருத்திக்கொண்டு வந்த நாள், சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தார். பூரிப்பென்றால் அப்படிப் பூரிப்பு.

“பாரும், பாரும். ஒரு உராய்வும் தேவைப்படேல்லை. வைச்ச உடனை இருந்திட்டுது, சொந்தப் பல்லு மாதிரி. ஜெர்மனியாம். டொக்டர் சொன்னவர். அவங்கட வேலையெண்டா வேலைதான்!”

ஜெர்மனியிலிருந்து வந்தது மெஷினில் வைத்து வெட்டுகிற வெள்ளைக் கட்டி மட்டும்தான். அந்த டொக்டர் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இவர்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கரண்டியைச் சட்டியில் போட்டேன்.

“சுவர் கட்டினது வேற்றுக்கிரகத்தான். பல்லுச் செய்தது ஜெர்மன்காரன். பக்கத்தில படுத்து எழும்புறவளுக்கு மட்டும் கையில்லை, என்ன?”

அவருக்கு விளங்கவில்லை. என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கடதாசியில் சுற்றி வைத்திருந்த அச்சை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். திரும்பிய பல்லை விரலால் தொட்டார். பிறகு நாக்கால் தன் வாய்க்குள் அதே பல்லைத் தொடுவது கன்னத்தில் தெரிந்தது.

“இது என்ர வாய்,” என்றார்.

“ஓம்.”

“அப்ப, நீரா?”

“நான்தான்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து வளவுக்குப் போனார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கற்களுக்கு முன்னால் குந்தி, சட்டைப் பையிலிருந்த கிளினிக் ரசீதை எடுத்து மூட்டில் செருகப் பார்த்தார். போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்த்தார். தாள் கசங்கியது, போகவில்லை.

நான் வெளியே போனேன். நிமிர்ந்து பார்த்தார். யூடியூபுக்கு முன்னால் இருக்கிற அதே முகம், அதே பிளந்த வாய். ஆனால் பார்த்தது என்னை.

“எப்பிடியப்பா செய்தனீர்?”

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த கேள்வி. பக்கத்தில் குந்தினேன். நீலத்தாளைச் சொன்னேன், திருநீற்றைச் சொன்னேன், வைத்து எடுத்து உராய்வதைச் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டார்.

“அது விளங்குது,” என்றார். “ஆனா எப்பிடி?”

கையை விரித்துப் பார்த்தேன். நகத்தடியில் இன்னும் மணற்கல் தூள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விரல்களுக்கு யார் சொன்னது?

“தெரியேல்லையப்பா,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.